ஆளுக்கு ஒரு பிடி

“அக்கா, உங்க அரிசியில இந்த வாரமும் பச்சரிசி கலந்து கெடக்கு” என்றார் மேபல் டீச்சர். கோயில் முகப்பில் கைப்பிடி அரிசிக்கென்று வைத்திருக்கும் நீல டிரம்மில் என் துணிப்பையைக் கவிழ்த்துக்கொண்டே சொன்னார். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர் அவர். என்னைவிட எட்டு வயது இளையவர், ஆனாலும் டீச்சர் டீச்சர்தான். “போன வருசம் ஜூலையிலருந்தே இப்பிடித்தாங்க்கா. சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன், நீங்க இருக்கிற இருப்புல இத வேற சொல்லணுமான்னு விட்டுட்டேன். பச்சரிசி சீக்கிரம் வெந்துருதுல்லா, கஞ்சி கொழகொழன்னு ஆயிருது, ஆஸ்பத்திரியில ஆளுவ மொனங்குறாவ.” நான் சரி டீச்சர் என்றேன். எங்கள் வீட்டில் பொங்குவது புழுங்கலரிசி. அளப்பது நான், எடுப்பது நான், தூக்குவாளியில் போடுவது நான், சனிக்கிழமை சாயங்காலம் அதைத் துணிப்பையில் கொட்டிக் கட்டுவதும் நான்தான். பச்சரிசி இருப்பது மேல்தட்டில் தகர டின்னில். அதை எப்போது எடுத்தேன், எதற்கு எடுத்தேன், ஏன் இதில் போட்டேன்? ஒன்றும் நினைவில்லை. நினைவில்லை என்பதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை, அதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது. எங்கள் தெருக்கோடியில் ஒரு அம்மா காப்பியில் உப்பைப் போட ஆரம்பித்து, பிறகு சொந்த வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு இது யார் வீடு என்று கேட்டாள். எனக்கு அறுபத்தொன்று. வெறும் பையை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, பெண்கள் பக்கத்தில் நாலாவது பெஞ்சில், ஜன்னலோரம் என் இடத்தில் உட்கார்ந்தேன். ஆராதனைக்கு மூன்றாம் மணி அடித்துவிட்டார்கள்.

இன்றைக்குப் பெண்கள் ஞாயிறு. ஆராதனை முழுக்கப் பெண்கள் நடத்துவார்கள், குருவானவர் பிரசங்கம் மட்டும் செய்வார். பீடத்துக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள்: சோர்ந்துபோகாத கைகள். படத்தில் இரண்டு கைகள் கூப்பியிருக்கின்றன. வெள்ளைவெளேரென்று, நகத்தில் ரோஸ் நிறச் சாயம் போட்ட கைகள். பாத்திரம் தேய்த்த கை அல்ல என்பது பார்த்தாலே தெரிகிறது. அந்தக் கை எதில் சோர்ந்துபோகாமல் இருந்ததோ. மூன்றாவது பாட்டு முடிந்ததும், பிரசங்கத்துக்கு முன்னால், நான் எழுந்துபோய் சாட்சி சொல்ல வேண்டும். நோட்டீஸில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். சாட்சி: திருமதி லீதியாள் சற்குணம். திருவாளர் சற்குணம் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறார். காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் பூவரசு மரம், அதன் நிழலில் ஸ்கூட்டர், ஸ்கூட்டரில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர். எட்டு மாதமாக இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கொண்டுவந்து இறக்குவார், உள்ளே வரமாட்டார், வீட்டுக்கும் போகமாட்டார். அந்தப் பூவரசில்தான் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டியிருக்கிறார்கள். அவர் தலைக்கு நேர்மேலே. பாட்டு, ஜெபம், அறிவிப்பு, பிரசங்கம் எல்லாம் எங்களைவிடச் சத்தமாக அவருக்குத்தான் கேட்கிறது. உள்ளே உட்கார்ந்து தூங்குகிறவர்களைவிட அவர் அதிகமாகவே ஆராதனை கேட்டிருப்பார். ஆனாலும் சபையில் அவருக்குப் பெயர் விசுவாசத்தைவிட்டுப் பின்மாறிப்போனவர். எனக்குப் பெயர் சோர்ந்துபோகாதவள். முதல் பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள், கீபோர்டு வாசிக்கிற பெண் அரைக் கட்டை மேலே எடுத்துவிட்டாள், எல்லாருக்கும் தொண்டை கிழிகிறது, என் வாயும் அசைகிறது. வார்த்தைகள் தானாக வருகின்றன, வந்து போகின்றன. பச்சரிசி எப்படி வந்தது?

கைப்பிடி அரிசிக்கு ஒரு முறை உண்டு. கல்யாணமாகி இந்தச் சபைக்கு வந்த புதிதில் சங்கத்தில் சொல்லித்தந்தார்கள். மூட்டையிலிருந்து எடுக்கக் கூடாது. உலைக்கு அளந்த அரிசியிலிருந்து எடுக்க வேண்டும், கழுவுவதற்கு முன்னால். மூட்டையிலிருந்து எடுத்தால் அது தானம். அளந்ததிலிருந்து எடுத்தால்தான் காணிக்கை, ஏனென்றால் அன்றைக்கு நம் வயிற்றில் அவ்வளவு குறையும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பிடி, ஆளுக்கு ஒரு பிடி. ஒவ்வொரு பிடிக்கும் அந்த ஆளின் பெயரைச் சொல்லிப் போட வேண்டும், அதுதான் அந்த ஆளுக்கான ஜெபம். நீளமாக ஜெபிக்க நேரமில்லாத பெண்களுக்கென்று யாரோ சமையல் தெரிந்தவள் கண்டுபிடித்திருக்க வேண்டும். முப்பத்திமூன்று வருஷம் நான் போட்டேன். முதலில் இரண்டு பிடி: சற்குணம், லீதியாள். ஆசீர் பிறந்து, சோறு தின்ன ஆரம்பித்த பிறகு மூன்று. அவனுக்குக் காய்ச்சல் என்றால் அந்தப் பிடியைக் கொஞ்சம் நேரம் வைத்திருந்து போடுவேன். பரீட்சை என்றால் அப்படியே. டூவீலர் ஷோரூமில் வேலை கிடைத்த அன்றைக்கு இரண்டு கையும் சேர்த்து அள்ளிப் போட்டேன், அன்றைக்கு மூன்று பேருக்கும் அரைவயிறுதான், சிரித்துக்கொண்டே தின்றோம். அவனை அடக்கம் பண்ணின பிறகு மூன்று நாள் எங்கள் அடுப்பு எரியவில்லை, பக்கத்து வீடுகளிலிருந்து வந்தது. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ நான் அரிசி அளந்தேன். ஒரு பிடி, இரண்டு பிடி. அதோடு கை நின்றுவிட்டது. நின்றது எனக்குத் தெரியவில்லை. சோறு வடித்து, அவருக்குப் போட்டு, பாத்திரம் கழுவி, இன்னும் எத்தனையோ நாள் கழித்துத்தான், ஒரு மத்தியானம், ஐயோ இரண்டுதானே போடுகிறோம் என்று தெரிந்தது. கை எந்த நாளில் அதைக் கற்றுக்கொண்டது? மூன்றாவது பிடிக்குப் போய்த் திரும்பியதா, போகவே இல்லையா? ஒரு நாளாவது தயங்கியதா? பதினாலு மாதமாக இதையே நினைக்கிறேன், அந்த நாள் மட்டும் அகப்படமாட்டேன் என்கிறது. அதன்பிறகு பெயர்களைச் சொல்வதையும் விட்டுவிட்டேன். இரண்டு பெயரைச் சொன்னால் மூன்றாவது வாய்க்குள் வந்து நிற்கிறது.

பாவ அறிக்கை. எல்லாரும் முழங்காலில். என் முழங்காலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. செய்யத்தக்கவைகளைச் செய்யாமல் விட்டதைப் பற்றி எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். செய்யத்தக்கதைச் செய்ததற்கு அறிக்கை இருக்கிறதா என்று யாராவது சொன்னால் தேவலை. அன்றைக்குப் புதன்கிழமை. அரசு ஆஸ்பத்திரி வாசலில், நோயாளிகளுக்குத் துணையிருப்பவர்களுக்கு நாங்கள் கஞ்சி ஊற்றுகிற நாள். மணி பதினொன்றிருக்கும். போன் அடித்தது. ஷோரூமில் ஆசீரோடு வேலை செய்கிற பையன். “அத்த, ஆசீருக்கு அடிபட்டிருக்கு, லாரி பின்னால வந்து இடிச்சிட்டு, திருநெல்வேலிக்குக் கொண்டு போறோம், மாமாவுக்குச் சொல்லியாச்சு, நீங்க வாங்க.” சரிப்பா என்றேன். போனை இடுப்பில் செருகினேன். வரிசையில் இன்னும் நாலு பேர் நின்றார்கள். நாலு பேரையும் இப்போதும் சொல்வேன்: தலையில் துண்டு கட்டிய கிழவர், கைக்குழந்தைக்காரி, பச்சைத் தூக்குவாளி வைத்திருந்த ஒரு ஆள், அவனுக்குப் பின்னால் வாயில் வெற்றிலையோடு ஒருத்தி. நாலு பேருக்கும் ஊற்றினேன். அந்தப் பச்சைத் தூக்குவாளிக்காரன் துவையல் இல்லையா என்று கேட்டான், தேடி எடுத்து வைத்தேன். அகப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் டீச்சரிடம், எம்மவனுக்கு அடிபட்டிருக்காம், நான் போயிட்டு வாரேன் என்று சொன்னேன். போயிட்டு வாரேன் என்று சொன்னேன்! அடிபட்டிருக்கு என்ற சொல் காதுக்குள் போனது, அதற்குமேல் போகவில்லை. கைதான் ஊற்றியது. நான் போய்ச் சேர்ந்தபோது திருநெல்வேலி ஆஸ்பத்திரி வராந்தாவில் இவர் நின்றுகொண்டிருந்தார். எனக்கு முன்னாலேயே வந்துவிட்டார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். உயிரு போயி ஐந்து நிமிஷம் ஆச்சும்மா என்றாள் நர்ஸ். நாலு பேருக்கு ஊற்ற எவ்வளவு நேரம் ஆகும்? துவையல் தேட? அகப்பை கழுவ? வீட்டில் நான் தண்ணீரை வைத்து ஊற்றிப் பார்த்திருக்கிறேன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. சில நாள் நாலு நிமிஷம் வருகிறது. சில நாள் ஆறு.

அந்த ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அவன் அம்மா எங்கே என்று கேட்டானா? இவருக்குத் தெரியும். இவர் கூட இருந்தார். நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார், பொய் சொல்லத் தெரியாத மனுஷன். பஞ்சாயத்தில் இருபத்தெட்டு வருஷம் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டராக இருந்தவர், விடிகாலை ஐந்து மணிக்கு வால்வு திறப்பார். ஊரில் யாராவது ஏன் இன்றைக்குத் தண்ணீர் வரவில்லை என்று கேட்டால், கரண்ட் இல்லை என்றுகூடச் சமாளிக்க மாட்டார், நான் தூங்கிட்டேன் என்பார். அப்படிப்பட்டவரிடம் எதைக் கேட்பது? அவரும் என்னிடம் கேட்கவில்லை, ஏன் தாமதம் என்று. டீச்சர் மூலமாக ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. மகன் சேதி கேட்டும் நாலு பேருக்கு ஊற்றிவிட்டுத்தான் போனாள் லீதியாள் அக்கா. கல்லறைத் தோட்டத்திலேயே அதைச் சொல்லி ஒருத்தி அழுதாள். அதன்பிறகு போன கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை குருவானவர் அதைப் பிரசங்கத்தில் எடுத்தார். நற்கிரியையில் நிலைத்திருப்பது என்றால் என்ன? இதோ நம் சபையிலே ஒரு தாயார் என்று ஆரம்பித்தார். நல்ல மனுஷன், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நான் மடியைப் பார்த்தேன். அப்போது ஆண்கள் பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது. இவர் எழுந்து நடு வழியாக வெளியே போனார். ஓடவில்லை, கதவை அறையவில்லை, வால்வு திறக்கப் போகிறவர் மாதிரிதான் போனார். அதோடு உள்ளே வரவில்லை. யார்மேல் கோபம்? குருவானவர்மேலா, கடவுள்மேலா, நாலு பேருக்கு ஊற்றிய என்மேலா? இதையும் நான் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர், சாப்பிட வாங்க, தண்ணி வந்துட்டு, கேஸ் புக் பண்ணணும், அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

வியாழக்கிழமை குருவானவர் வீட்டுக்கு வந்தார். இவர் அப்போது கடைக்குப் போயிருந்தார், அல்லது வருகிறதைப் பார்த்துவிட்டுப் போனார். “அம்மா, ஞாயித்துக்கிழம நீங்கதான் சாட்சி சொல்லணும். அந்தப் புதன்கிழம நடந்தத உங்க வாயால சபை கேக்கணும். எத்தன பேரு சோந்துபோயிருக்காங்க, அவங்களுக்கெல்லாம் பெலனா இருக்கும்” என்றார். எனக்குப் பேச வராது ஐயா என்றேன். “நீங்க பேசவே வேண்டாம்மா, உங்க வாழ்க்கையே பேசுது. ரெண்டு வார்த்த போதும். அப்புறம், கடைசியில ஐயாவோட பேரையும் சொல்லி, அவரு திரும்பி வரணும்னு ஒரு ஜெப விண்ணப்பமா வையுங்க. சபையே ஜெபிக்கும்.” அவர் வெளியில் உட்கார்ந்திருப்பார், கேட்கும் என்றேன். “கேக்கட்டும்மா, அதுவும் நல்லதுதான்” என்றார். காப்பி கொடுத்தேன். சர்க்கரை போட்டேனா என்று தெரிந்துகொள்ள, குடிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. இல்லை ஐயா, நான் பதினாலு மாதமாக ஜெபம் பண்ணவில்லை, ஒரு தடவைகூட, கண்ணை மூடினால் கறுப்பாக இருக்கிறது, திறக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு மரத்துப்போகுமே, நாமே கடித்துக்கொண்டாலும் தெரியாமல், ரத்தத்தைக் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோமே, அப்படி இருக்கிறது ஐயா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் புதன்கிழமை தவறாமல் கஞ்சி ஊற்றுகிறேன், வெள்ளிக்கிழமை வியாதியஸ்தர் வீடுகளுக்குப் போகிறேன், சனிக்கிழமை பீடத்துக்குப் பூ வைக்கிறேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, என் பழக்கம் சுடுகாட்டைத் தாண்டியும் நிற்கவில்லை. இதற்குத்தான் விசுவாசம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துவிட்டுப் போகட்டும். நான் சரி ஐயா என்றுதான் சொன்னேன்.

இரண்டாவது பாட்டும் முடிந்துவிட்டது. மேபல் டீச்சர் ஜெபம் பண்ணுகிறார், ஊர், நாடு, உலகம் என்று சுற்றிவந்து இன்னும் விதவைகளிடம் வரவில்லை. எனக்கு முன்பெஞ்சுப் பெண்ணின் கொண்டையில் மல்லிகைப்பூ வாடுகிறது. சாட்சியில் என்ன சொல்வது? அவர்கள் கேட்டதையே சொல்லிவிடலாம். ஆண்டவர் எனக்குப் பெலன் தந்தார், நாலு பேருக்கும் ஊற்றினேன், என் கணவருக்காக ஜெபியுங்கள். மூன்று வாக்கியம். நாக்கு சொல்லிவிடும், ஊற்றத் தெரிந்த கை மாதிரிதான் சொல்லத் தெரிந்த நாக்கும். மேலே பூவரசிலிருந்து அது அவர் தலையில் இறங்கும். அந்த நாலு பேர் கதையைப் பெருமையாக என் வாயாலேயே அவர் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு எப்போதும்போல ஸ்கூட்டரை எடுப்பார், நான் பின்னால் உட்காருவேன், மத்தியானம் கறிக்குழம்பு. அதற்குப் பிறகு எங்களுக்குள் சொல்ல ஒன்றுமே இருக்காது. இது எனக்கு நன்றாகத் தெரிகிறது, தெரிந்தும் பயம் வரவில்லை. பயப்பட வேண்டிய இடம் இது என்று மட்டும் தெரிகிறது. விரல்கள் மடியில் துணிப்பையைப் பிசைந்துகொண்டிருக்கின்றன. பையின் மூலைத் தையலில் ஏதோ நெருடுகிறது. திருப்பினால் அரிசி, ஏழெட்டு மணி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளங்கையில் தட்டினேன். மூன்று மணி பழுப்பு, புழுங்கல். மற்றதெல்லாம் வெள்ளை. டீச்சர் சொன்னது சரிதான். பச்சரிசிதான்.

மேல்தட்டு. தகர டின். என் வலது தோள் இறுகிப்போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, கை தோளுக்குமேல் ஏறாது, முக்காட்டைக்கூட இடது கையால்தான் இழுத்துவிட்டேன். பச்சரிசி இடிக்கிற கிறிஸ்துமஸ் பலகாரம்கூடப் போன வருஷம் கிடையாது. அந்த டின்னை நான் தொடவே இல்லை. தொட முடியாது. அப்படியானால் எனக்குப் புத்தி பேதலிக்கவில்லை என்று முதலில் ஒரு அற்ப நிம்மதி வந்தது. பிறகுதான் மற்றது வந்தது. வீட்டில் இருப்பது இரண்டு பேர். விடிகாலையில் அந்த டின் மூடி டப்பென்று திறக்கிற சத்தம் எனக்குத் தெரியும். தினமும் கேட்கிறேன், பாயில் கண்ணை மூடிக்கொண்டு. ஐந்து மணி. வால்வு திறக்கப் போவதில்லை என்றாலும் இவருக்கு ஐந்துக்கு முழிப்பு வந்துவிடும். பக்கத்து டின்னிலிருந்து பொரிகடலை எடுத்துத் தின்கிறார் என்று நினைத்தேன். தின்னட்டும். மூடிச் சத்தத்துக்குப் பிறகு என்னவோ முணுமுணுப்பார், வயசானால் எல்லாரும் முணுமுணுக்கிறார்கள். அதற்குப் பிறகு அடுப்புப் பக்கம் தூக்குவாளியில் சரசரவென்று ஒரு சின்னச் சத்தம். அது என்ன சத்தம் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. போன வருஷம் ஓணத்துக்கு முன்னால், ஆமாம், கடையிலிருந்து ஒரு பை அரிசி வாங்கிவந்து மேல் டின்னில் கொட்டினார். எதுக்கு என்று நான் கேட்கவில்லை, அப்போது நான் யாரிடமும் எதையும் கேட்கிற நிலையில் இல்லை. முப்பத்திமூன்று வருஷம் மூன்று வேளையும் சோறு தின்ற மனுஷன், பச்சரிசிக்கும் புழுங்கலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை! அடுப்படிக்குள் வராத ஆண்பிள்ளைக்குக் கண்ணில் பட்டது டின், டின்னில் இருந்தது அரிசி, அவ்வளவுதான். அளந்ததிலிருந்து எடுக்கணும் என்பதும் தெரியாது, சங்கத்து முறைப்படி பார்த்தால் அது காணிக்கையே கிடையாது. ஜூலையிலிருந்து என்றார் டீச்சர். ஜூலையில்தான் நான் மறுபடி அடுப்புப் பற்றவைத்தேன். நான் இரண்டு பிடி போட்டதை நான் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே இவர் கண்டுபிடித்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. மூன்றாவதை அவரே போட்டிருக்கிறார். அந்த முணுமுணுப்பு ஒரு பெயர்.

“இப்போது நம் மத்தியில் திருமதி லீதியாள் சற்குணம் சாட்சி பகருவார்கள்.” பாட்டு முடிந்தது எனக்குத் தெரியவில்லை. எழுந்தேன். கால் நடக்கிறது. கையில் பை இருக்கிறது, வைத்துவிட்டு வரவேண்டும் என்று தோன்றவில்லை. மைக் எனக்கு உயரமாக இருந்தது, டீச்சர் வந்து இறக்கிவிட்டார். ஃப்ளெக்ஸிலிருந்த அந்த வெள்ளைக் கைகள் என் தோளுக்குப் பக்கத்தில். ஸ்தோத்திரம் என்றேன், சபை பதில் சொன்னது. “அந்தப் புதன்கிழம நான் நாலு பேருக்குக் கஞ்சி ஊத்துனது நெசம்” என்றேன். என் குரல் வெளியே பூவரசிலிருந்து திரும்பி வந்தது, யாரோ ஒரு கிழவி பேசுகிற மாதிரி. “அது விசுவாசம் இல்ல. எனக்கு வெளங்கல, கை பாட்டுக்கு ஊத்திட்டு. வெளங்கியிருந்தா அகப்பையப் போட்டுட்டு ஓடியிருப்பேன். அதுல பெலன்னு ஒண்ணும் இல்ல, யாரும் அதப் பாத்துப் படிக்க வேண்டாம். அவனுக்கு அடிபட்டதுலருந்து எனக்கு ஜெபம் வரல. வந்த மாதிரி இத்தன நாளும் இங்க வாயசைச்சிட்டு இருந்தேன்.” குருவானவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்பெஞ்சில் யாரோ ஆண்டவரே என்றார்கள். இங்கேயே நிறுத்தியிருந்தால் அவமானத்தோடு முடிந்திருக்கும். “எங்க வீட்டு அரிசியில பச்சரிசி கலந்து வருதுன்னு டீச்சர் சொன்னாவ. கஞ்சி கொழஞ்சதுக்கு மன்னிக்கணும். அது நான் போட்டதில்ல. நான் ரெண்டு பிடிதான் போடுதேன். மூணாவது எங்க வீட்ல அவிய போடுதாவ, எனக்கே இப்பத்தான் தெரியும். அவிய திரும்பி வரணும்னு ஜெபிக்கச் சொன்னாங்க. அவிய எங்கயும் போகல. போனவ நாந்தான்.” பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். “எங்க வீட்ல மூணு பேரு. சற்குணம். லீதியாள்.” அதோடு நின்றது. மைக்கில் என் மூச்சு இரைகிறது. கோயில் முழுக்க மின்விசிறிச் சத்தம். ஆசீர் என்றேன். பதினாலு மாதத்தில் முதல்தடவை. அது கோயிலுக்குள் ஒருதடவையும் வெளியே ஒருதடவையும் கேட்டது.

பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று தெரியாது. ஜன்னல் பக்கம் நான் பார்க்கவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது டீச்சர் என் கையைப் பிடித்தார், அவருக்குத்தான் அழுகை, எனக்கு வரவில்லை. குருவானவர் வாசலில் எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார், எனக்கும் கொடுத்தார், அம்மா என்று மட்டும் சொன்னார். இவர் பூவரசடியில் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தி வைத்திருந்தார். கண் சிவந்திருந்ததா என்று பார்க்க முடியவில்லை, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். வண்டியைக் கிளப்பவில்லை. சாவியைப் பிடித்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே, “அவனுக்கு நெனவு வரவே இல்லட்டி” என்றார். “நான் போகும்போதே இல்ல. யாரையும் கேக்கல. ஒன்னையும் கேக்கல, என்னையும் கேக்கல.” நான் அவர் சட்டையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வியர்வையில் ஒட்டியிருந்தது. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். “முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா” என்றேன். “நீ கேக்கலயே” என்றார். வண்டி கிளம்பியது. கோயில் தெரு, தபால் ஆபீஸ், தண்ணீர்த் தொட்டி. இறுகிய தோளில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் வலித்தது, இத்தனை நாள் எங்கே இருந்தது இந்த வலி என்று தெரியவில்லை. தொட்டிக்குப் பக்கத்து வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்கிவிட்டு, தலையைக் கொஞ்சமாகத் திருப்பி, “அப்ப அது பச்சரிசியா?” என்று கேட்டார். ஆமா என்றேன். “எல்லாம் ஒண்ணுபோலத்தான இருக்கு.” அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, அவர் சட்டை முதுகைப் பிடித்துக்கொண்டேன். “நாளைக்கு என்னைய எழுப்புங்க” என்றேன். “அளந்து வச்சுத் தாரேன். அளந்ததுலருந்துதான் எடுக்கணும்.” சரி என்றார்.